ஜௌன்சாரி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அழியும் மொழிகள் பற்றிய உங்கள் உரையில் உத்தரகண்டின் ஜௌன்சாரியையும் சேர்த்திருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,14,733 பேர். 2011இல் 1,36,779 பேர். பேசுவோர் கூடிக்கொண்டே போகும் மொழியை அழிகிறது என்பது மிகையல்லவா? தவிர, அது இந்தியின் வட்டார வழக்குதானே?

செந்தில், ஈரோடு

அன்புள்ள செந்தில்,

எண்கள் சரி. எந்தத் தலைப்பின் கீழ் அவை இருந்தன என்று கவனித்தீர்களா? 'இந்தி' என்ற தலைப்பின் கீழ். இந்தி பேசுவோர் 52 கோடி என்று பெருமையாகச் சொல்லப்படும் கணக்கில் போஜ்புரி, சத்தீஸ்கரி, கார்வாலி, குமாவோனி எல்லாம் அடக்கம். அந்த மூட்டையில் ஜௌன்சாரி ஒரு பிடி அரிசி. பிரிட்டிஷ் காலத்தில் இந்திய மொழிகளை ஆய்ந்து தொகுத்த கிரியர்சன் இதை மேற்குப் பஹாடி எனப்படும் இமயமலை மொழிகளோடு வைத்தார். டோன்ஸ் ஆற்றைக் கடந்தால் இமாசலத்தில் பேசப்படும் சிர்மௌரிதான் இதற்கு நெருங்கிய உறவு. அதையும் கணக்கெடுப்பு இந்திக்குள்தான் போட்டிருக்கிறது.

டேராடூன் மாவட்டத்தின் சக்ராதா, கால்சி பகுதிகள்தான் ஜௌன்சார்-பாவர். 1967இல் அந்த மக்களைப் பட்டியல் பழங்குடியினராக அரசு அறிவித்தது. மக்கள் தனி என்று ஒப்புக்கொண்ட அரசுக்கு அவர்கள் பேச்சு மட்டும் இந்தி! உத்தரகண்ட் 2010இல் இரண்டாவது ஆட்சிமொழியாகத் தேர்ந்தெடுத்தது சமஸ்கிருதத்தை. அந்த மாநிலத்தின் பெரிய மொழிகளான கார்வாலியும் குமாவோனியுமே வாசலில் நிற்கும்போது ஜௌன்சாரியை யார் கூப்பிடப்போகிறார்கள்?

அழிவுக்கு வருகிறேன். உங்கள் தாய்மொழி எது என்று கணக்கெடுப்பு கேட்கிறது. பிள்ளையை எந்த மொழியில் அதட்டுகிறீர்கள் என்று கேட்பதில்லை. அங்கே பள்ளிக்கூடம் இந்தியில். பிறகு படிப்புக்கும் வேலைக்கும் விகாஸ்நகர், டேராடூன் என்று கீழே உள்ள நகரங்களுக்கு இறங்குகிறார்கள். மலையை விட்டு வந்தவரும் தாய்மொழி ஜௌன்சாரி என்றே எழுதித் தருவார். வீட்டில் பேரனோடு பேசுவது இந்தியாக இருக்கும். யுனெஸ்கோ இதை அழியும் அபாயத்திலுள்ள மொழிகளில் சேர்த்திருப்பதற்கு ஆள் குறைவது காரணம் இல்லை. அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

திருவிழாவில் மட்டும் போய்ப் பார்த்தால் நீங்கள் சொல்வதே சரி என்று தோன்றும். நாடெங்கும் தீபாவளி முடிந்து ஒரு மாதம் கழித்து அங்கே 'பூடி திவாலி', அதாவது பழைய தீபாவளி, வரும். பட்டாசை விடத் தீப்பந்தங்களுக்குத்தான் மவுசு. ஊர்ப் பொது முற்றத்தில் அக்ரூட்டை அள்ளி வீசுவார்கள், கூட்டம் பாய்ந்து பொறுக்கும். ஆணும் பெண்ணும் கைகோத்து 'ஹாருல்' என்ற வீரகதைப் பாடல்களைப் பாடி ஆடுவார்கள். நகரத்திலிருந்து இதற்காகவே ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. ஜௌன்சாரிப் பாடல்கள் யூடியூபிலும் ஏராளம். எனக்கு இதில் மகிழ்ச்சியை விடக் கவலையே அதிகம். பாட்டாக நிலைத்துவிட்ட மொழி வெளியே இருப்பவர்களுக்கு நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதுபோலவே தெரியும், வீட்டுப் பேச்சு நின்ற பிறகும்.

வட்டார வழக்கா என்ற கேள்விக்கு நான் வாதாடப்போவதில்லை. டேராடூன் பக்கம் போனால் கால்சிக்குப் போய் வாருங்கள். யமுனைக் கரையில் அசோகரின் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. சோழரையும் பாண்டியரையும் குறிப்பிடுகிறது. இந்தி நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கிருந்து சக்ராதா போகும் பஸ்ஸில் ஏறி, கிழவர்கள் பேசிக்கொள்வது எவ்வளவு புரிகிறது என்று அவரிடம் கேளுங்கள். பிறகு அதே பஸ்ஸில் வரும் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சையும் கேட்கச் சொல்லுங்கள்.