தாய்க்கும் கருவுக்கும் ரத்தப் பிரிவு பொருந்தாதபோது: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு ஓ நெகட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். இரண்டாவது கர்ப்பத்தில் கூம்ஸ் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்துள்ளது. இனியாவது ஆன்டி-டி ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூம்ஸ் பரிசோதனை, குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கக்கூடிய எதிர்ப்பொருள் உங்கள் ரத்தத்தில் உள்ளதா என்று பார்ப்பது. அண்மையில் அந்த ஊசி போட்டிருந்தால், அதனாலேயே முடிவு பாசிட்டிவாக வரக்கூடும், முதலில் அதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். அவ்வாறு இல்லையெனில் ஊசியால் இனிப் பயனில்லை. எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கவே அது உதவும், உருவாகிவிட்டதை அகற்றாது.

கேள்வி: 24 வாரத்தில் என் டைட்டர் (ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளின் அளவு) 1:64. குழந்தைக்கு ரத்தசோகை வந்துவிட்டதா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய இயலாது. 1:16 அல்லது 1:32 என்ற வரம்பை எட்டியதும், ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன் தொடங்குவார்கள். சிவப்பணு குறைந்து நீர்த்த ரத்தம் விரைந்து ஓடும் என்பதால், குழந்தையின் மூளைக்குச் செல்லும் நடுத்தமனியில் அதன் உச்ச வேகத்தை அளந்து, அந்த வாரத்துக்குரிய இடைநிலை அளவைப் போல 1.5 மடங்கைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். உங்களுடையது கெல் (டி அல்லாத வேறொரு ரத்தக் காரணி) எதிர்ப்பொருள் என்றால், டைட்டர் குறைவாக இருந்தாலும் கவனம் தேவை. அது சிவப்பணு உற்பத்தியையே ஒடுக்கும்.

கேள்வி: கருவிலுள்ள குழந்தைக்கு எப்படி ரத்தம் ஏற்றுவார்கள்? ஆபத்து உண்டா?

பதில்: 1963-இல் நியூசிலாந்து மருத்துவர் வில்லியம் லைலி, குழந்தையின் வயிற்றறைக்குள் ரத்தம் செலுத்தி இச்சிகிச்சைக்கு வழிதிறந்தார். இன்று ஸ்கேனில் பார்த்தபடியே தாயின் வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைத் தொப்புள்கொடிச் சிரைக்குள் செலுத்தி, சிறிதளவு ரத்தம் எடுத்துச் சோகையை உறுதிசெய்த பிறகு, தாயின் ரத்தத்துடன் பொருத்திப் பார்த்து, வெள்ளணு நீக்கி, கதிர்வீச்சுக்கு உட்படுத்திய செறிவான ஓ நெகட்டிவ் சிவப்பணுக்களை ஏற்றுகிறார்கள். டி காரணி (ரத்தப் பிரிவை பாசிட்டிவ் ஆக்குவது) இல்லாத அந்த அணுக்களைத் தாயின் ஆன்டி-டி எதிர்ப்பொருள் தாக்குவதில்லை. பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் ஏற்ற நேரிடும். இதயத்துடிப்பு குறைதல், ரத்தக்கசிவு, தொற்று, குறைப்பிரசவம் ஆகிய அபாயங்கள் உண்டு; ஆயினும் அனுபவமுள்ள மையங்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கின்றன. குழந்தையின் உடலில் நீர் கோத்த பிறகு அந்த வாய்ப்பு குறைந்துவிடும். ஆகவே, 'போன வாரம் நன்றாகத்தானே இருந்தது' என்று எண்ணி அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள் என மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பிறந்தவுடன் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பதில்: உடனே தீராது. மஞ்சள் காமாலைக்கு ஒளிச்சிகிச்சையும், சிலருக்கு ரத்தமாற்றமும் (குழந்தையின் ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றுவது) தேவைப்படும். தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் உடலில் சில மாதங்கள் தங்குவதாலும், ஏற்றிய ரத்தத்தால் எலும்பு மஜ்ஜை சுணங்கியிருப்பதாலும், சில வாரங்கள் கழித்து மீண்டும் சோகை வரலாம். அதுவரை ஹீமோகுளோபினை வாரந்தோறும் பார்ப்பது நல்லது. பலமுறை ரத்தம் ஏற்றிய குழந்தையிடம் இரும்புச்சத்து ஏற்கெனவே மிகுந்திருக்கக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் இரும்புச்சத்து மருந்து கொடுக்க வேண்டாம்.