பக்கத்து வீட்டுக்காரரின் வரியும் கலிஃபோர்னியாவின் பட்ஜெட்டும்

அன்புள்ள சார்,

கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் நகரில் 2021இல் வீடு வாங்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் 1985லிருந்து இருக்கிறார், வீடு ஒரே அளவுதான், ஆனால் எங்கள் சொத்து வரி அவருடையதைப் போல ஐந்து மடங்கு. சம்பளத்தில் மாநில வருமான வரி வேறு. இவ்வளவு வாங்கியும் பட்ஜெட்டில் துண்டு விழுகிறதாம். பேசாமல் சொத்து வரியை எடுத்துவிட்டு வருமான வரியை வைத்தே சமாளித்தால் என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டவே வேண்டாம். கலிஃபோர்னியா ஏற்கெனவே அந்தப் பாதையில் பாதி தூரம் போய்விட்டது, துண்டு விழுவதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

1978 ஜூனில் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த புராப் 13 என்ற சொத்து வரிச் சட்டம்தான் உங்கள் ஐந்து மடங்குக்குக் காரணம். அடிப்படை வரி 1 சதவீதம், வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, வீடு கைமாறினால்தான் புது மதிப்பு. அன்றைக்கு வீட்டு விலை எகிறி, பென்ஷனில் வாழ்ந்தவர்கள் வரி கட்ட முடியாமல் தவித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதே சலுகையை அலுவலகக் கட்டடங்களுக்கும் மால்களுக்கும் ஏன் கொடுத்தார்கள்? ஒரு கம்பெனியின் பங்குகள் முழுக்கவே கைமாறினாலும், தனி ஒருவரிடம் பாதிக்கு மேல் சேராதவரை அதன் நிலத்துக்குப் பழைய மதிப்பே தொடரலாம்; இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. உங்களைப் போல ஐந்து மடங்கு கட்ட நேர்ந்த லாஸ் ஏஞ்சலஸ்காரர் ஒருவர் வழக்குப் போட்டார், 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

சொத்து வரி உள்ளூருக்கும் பள்ளிகளுக்கும் போகிற பணம். அது சுருங்கியதும் பள்ளிச் செலவின் பெரும்பகுதி மாநிலத்தின் தலையில் விழுந்தது. மாநிலம் நம்பியிருப்பதோ வருமான வரியை, அதிலும் ஏறக்குறைய பாதியை மேல்தட்டு 1 சதவீதம் பேரிடமிருந்து. அவர்கள் பங்கு விற்றால் பணம் கொட்டும், விற்காவிட்டால் வறட்சி. 2022 மே மாதம் 9,750 கோடி டாலர் உபரி என்றார்கள். மறு ஆண்டு புயல் மழையால் வரி கட்டும் கெடுவை நவம்பர் வரை தள்ளிவைத்ததில் வரவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே தெரியாமல் பட்ஜெட் போட்டார்கள், டிசம்பரில் பார்த்தால் 6,800 கோடி பற்றாக்குறை! செலவைக் குறைக்கலாம்தான், ஆனால் வேலை போய் ஜனங்கள் அரசை நாடி வரும் நேரத்தில்தான் இந்த வரவும் விழுகிறது. 2009 ஜூலையில் கையில் காசில்லாமல் கடன் சீட்டு எழுதிக் கொடுத்த மாநிலம் இது.

சரி, என்ன செய்யலாம்? வணிகக் கட்டடங்களுக்குச் சந்தை விலையில் வரி போட வேண்டும், அதில் பள்ளிகளுக்கு வரும் பணத்துக்கு ஏற்ப மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வீடுகளின் மதிப்பைப் பல ஆண்டுகளில் மெல்ல உயர்த்தலாம். வயதானவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். 62 வயது தாண்டிய, வருமானம் குறைந்தவர்களின் வரியை மாநிலமே கட்டிவிட்டு, வீட்டை விற்கும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டம் இப்போதே இருக்கிறது, அதை விரிவாக்கினால் போதும். அப்புறம் பங்குச் சந்தை லாபத்தில் வரும் திடீர்ப் பணத்தில் ஒரு பகுதி, 2014இல் மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்ற விதிப்படி சேமிப்புக்குப் போகிறது, அந்தப் பங்கு இன்னும் கூட வேண்டும்.

இதனால் உங்கள் பில் குறையாது, பக்கத்து வீட்டுக்காரருடையதுதான் ஏறும். வணிகக் கட்டடங்களின் வரியை மட்டும் மாற்ற மக்கள் ஓட்டுக்கு வந்த புராப் 15, 2020இல் 52க்கு 48 என்று தோற்றது. மறுபடி ஓட்டுக்கு வந்தால், உங்களுக்கு அங்கே ஓட்டு இருந்தால், தயவுசெய்து போய்ப் போடுங்கள்.