வரைபடத்தில் சாலை, மனையில் கருவேலம்

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில், நகரத்தை ஒட்டி எங்களுக்கு 2,400 சதுர அடி மனை இருக்கிறது. பட்டா என் பெயரில். வீடு கட்ட அனுமதி கேட்டபோது, 1980-களில் போட்ட விரிவு அபிவிருத்தித் திட்டப்படி 40 அடிச் சாலை இதன் குறுக்கே போகிறது என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். இன்றுவரை அங்கே ஒரு கல்கூட ஊன்றவில்லை; கருவேலம்தான் மண்டிக் கிடக்கிறது. வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்கிறார் என் கணவர். உள்ளூர் திட்டக் குழுமத்துக்கு இவ்வளவு அதிகாரம் உண்டா?

பதில்: முதலில் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இப்படி 'திட்டச் சாலை' விழுந்த மனைகளைப் பாதி விலைக்கு வாங்கிப்போடவே சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் தெரியும்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி அமைவதுதான் உள்ளூர் திட்டக் குழுமம். எங்கே குடியிருப்பு, எங்கே கடைத்தெரு, எந்தப் பக்கம் சாலை என்று திட்டம் போடுவது அதன் வேலை. திட்டம் ஒப்புதல் பெற்று நடைமுறைக்கு வந்துவிட்டால், அதற்கு மாறாக யாரும் கட்ட முடியாது. அந்த அளவில் குழுமத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் வரைபடத்தில் கோடு போட்டதால் நிலம் அரசுடையது ஆகிவிடாது. உங்களிடம் பேசி விலைக்கு வாங்க வேண்டும், இல்லையென்றால் முறைப்படி கையகப்படுத்தி இழப்பீடு தர வேண்டும். அதற்குக் கெடுவும் உண்டு. திட்டம் பற்றிய அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் இரண்டில் ஒன்றும் நடக்கவில்லையென்றால், ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும் என்கிறது 38-ஆம் பிரிவு. உயர் நீதிமன்றமும் இதைப் பல வழக்குகளில் உறுதிசெய்திருக்கிறது. உங்கள் விஷயத்தில் 30 ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

சரி, கையில் காகிதம் வேண்டுமே. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, குழுமத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். உங்கள் புல எண்ணைக் குறிப்பிட்டு, திட்ட அறிவிப்பு வெளியான அரசிதழ் நாள் எது, கையகப்படுத்த 37-ஆம் பிரிவின்படி அறிவிக்கை வந்ததா என்று மட்டும் கேளுங்கள். கதை எழுத வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும். 'அப்படி அறிவிக்கை ஏதும் இல்லை' என்ற ஒரு வரி வந்தால் போதும், பாதி வழக்கு முடிந்த மாதிரி. அதை இணைத்து, 38-ஆம் பிரிவைச் சொல்லிக் கட்டட அனுமதிக்கு மறுபடி விண்ணப்பியுங்கள். அப்போதும் மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தஞ்சை மாவட்டம் என்பதால் நீங்கள் போக வேண்டியது மதுரைக் கிளைக்கு; பக்கத்துத் திருவாரூர்க்காரர் என்றால் சென்னைக்கு ஓட வேண்டும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் மனைக்கு ஒரு ஓரம் வாய்க்கால் இல்லாமல் இருப்பது அபூர்வம். புல வரைபடத்தை வைத்து சர்வேயரைக் கொண்டு அளந்துவிடுங்கள். வாய்க்கால் புறம்போக்கில் ஒரு அடி ஏறியிருந்தாலும் அந்த ஒரு அடிக்கு 38-ஆம் பிரிவு உதவாது. அதேபோல, முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) உங்கள் புல எண் விவசாய மண்டலத்தில் இருந்தால் அதுவும் 3 ஆண்டில் தானாக மாறாது. நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சாலைப் பிரச்சினை தீர்ந்த பிறகு இது தெரியவந்தால் இன்னொரு அலைச்சல். இரண்டையும் இப்போதே சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.