மகள் பண்டைய வரலாறு படிக்கிறேன் என்கிறாள், விடலாமா?

உங்கள் கடிதத்தில் ஒரே கேள்விதான் மூன்று விதமாக வந்திருக்கிறது: கிரேக்கம், ரோம், எகிப்து என்று படித்தால் சோறு போடுமா? மகளோ படிப்பதோடு நிற்காமல், அதைப் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையே வேலையாக்கிக்கொள்ளப் போகிறேன் என்கிறாள். உங்கள் பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் "இதையெல்லாம் இன்றைக்கு யார் கேட்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கி.மு. 1750 வாக்கில், மெசப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக் பகுதி) ஊர் நகரத்தில் (நகரத்தின் பெயரே ஊர்தான்) ஏயா-நாசிர் என்றொரு வணிகர் இருந்தார். மட்டமான செம்பைத் தலையில் கட்டப் பார்த்தாய், நான் அனுப்பிய ஆளையும் அவமதித்தாய் என்று நன்னி என்பவர் களிமண் பலகையில் அவருக்குப் புகார் எழுதினார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் பலகையை வைத்து இணையத்தில் இன்றும் கேலிப்படம் போடுகிறார்கள். ஆக, கேட்க ஆள் இருக்கிறது. களிமண்ணில் ஆப்பு வடிவில் அழுத்திய ஆப்பெழுத்தைப் படித்து, அக்காடியம் என்ற அந்தக் காலத்து மெசப்பொத்தேமிய மொழியிலிருந்து அதை வெளியே கொண்டுவர ஒருவர் இல்லாதிருந்தால் அது வெறும் மண்கட்டி. காணொளி போடுகிறவர்கள் ஏராளம். மூலத்தைத் தானே வாசித்துவிட்டுப் போடுகிறவர்கள் கொஞ்சம்தான். மகள் இந்த இரண்டாவது கூட்டத்தில் சேர வேண்டும். அதற்கு லத்தீன், கிரேக்கம், அக்காடியம், பழைய எகிப்திய மொழி, இவற்றில் ஒன்றையாவது ஒழுங்காகப் படித்தாக வேண்டும். முதல் இரண்டு வருடம் இலக்கண அட்டவணைகளோடு மல்லுக்கட்டுதான். பலர் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள்.

வேலைக்கு வருவோம். பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியர் பதவியை நம்பித் திட்டம் போடாதீர்கள். இடங்கள் குறைவு, முனைவர் பட்டம் முடித்த பிறகும் ஒப்பந்த வேலையில் வருடங்கள் ஓடும். அருங்காட்சியகங்களில் கல்விப் பிரிவு உண்டு, சம்பளம் சுமார்தான். ஆவணப்படங்களுக்குத் தகவல் திரட்டித் தருகிற வேலை வரும், போகும். ஆசிரியர் பயிற்சித் தகுதியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைத் தேடுவது எனக்குப் பிடித்த வழி. பழைய உலகத்தைச் சாதாரண மனிதருக்குக் கொண்டுபோகிற வேலைகளில் பள்ளி ஆசிரியர் வேலையை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

கணினியில் நாட்டம் இருந்தால் இன்னொரு கதவு திறக்கும். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இத்தாலியின் ஹெர்குலேனியம் என்ற ரோமானிய ஊரில் கரியாகிப்போன பப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களைப் பிரித்தாலே உதிர்ந்துவிடும். 2023-இல் ஒரு கணினி மாணவர், அப்படியொரு சுருளைப் பிரிக்காமலே, ஊடுகதிர்ப் படங்களிலிருந்து 'ஊதா நிறம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை வெளிக்கொண்டுவந்தார். 2024 பிப்ரவரியில் அவர் உட்பட மூவர் அணிக்கு 7,00,000 டாலர் பரிசு கிடைத்தது. பரிசைப் பார்த்து மயங்க வேண்டாம், அது லாட்டரி மாதிரி. நிரல் காட்டிய எழுத்து சரிதானா என்று சொல்ல கிரேக்கம் தெரிந்தவர்கள்தான் தேவைப்பட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சரி, மகளுக்கு இது ஒத்துவருமா? ஒரு சோதனை சொல்கிறேன். வடக்கு இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் மெல்லிய மரத்தகட்டில் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. கி.பி. 100-ஐ ஒட்டிய காலம். கிளாடியா செவெரா என்ற பெண் தன் தோழி லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைக்கிறார். கடிதத்தை எழுத்தர் எழுத, முடிவில் சில வரிகளை அவரே தன் கையால் சேர்த்திருக்கிறார். படமும் மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

அதைப் பார்த்து 60 சொற்களில் ஒரு விளக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள், அருங்காட்சியகத்தில் பொருளுக்குப் பக்கத்தில் வைப்பார்களே, அந்த அளவு. அப்புறம் அதையே பத்து வயதுக் குழந்தைக்கு. எது உறுதி, எது ஊகம் என்று தனியாகக் குறிக்கட்டும். நான்காவது முறை திருத்தும்போதும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுங்கள், படிக்கட்டும். கேமரா முன் பேசுவதில் மட்டும்தான் குஷி என்றால் ஊடகப் படிப்பில் சேர்த்துவிட்டு, வரலாற்றைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளச் சொல்லலாம். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

கல்லூரியில் சேர்க்கும் முன் மூல மொழி கற்பிக்கிறார்களா, அருங்காட்சியகத்திலோ அகழாய்விலோ பயிற்சி உண்டா, முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். 'பாரம்பரிய மேலாண்மை' என்று பெயரில் மட்டும் பளபளக்கிற படிப்புகள் எனக்கு எப்போதுமே சந்தேகம்தான்.

மகள் எழுதிய அந்த இரண்டு குறிப்புகளையும் திருத்தல்களோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு அவளோடு நேரில் பேசுகிறேன்.