90 மார்க் வாங்கிய கேம் என் பிசியில் ஏன் தவழ்கிறது?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி கேம் விமர்சனங்களின் மார்க் பற்றித்தான். மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும்.

கே: 'மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்' மெட்டாக்ரிட்டிக்கில் 90-ஐ ஒட்டி இருக்கிறதே என்று நம்பி வாங்கினேன் சார். என் பிசியில் ஓடுகிறது என்று சொல்ல முடியாது, தவழ்கிறது. ஸ்டீமில் (பிசி கேம் விற்கும் இணையக் கடை) போய்ப் பார்த்தால் ஆளாளுக்குத் திட்டி வைத்திருக்கிறார்கள். யார் சொல்வது பொய்? (கல்லூரி மாணவர், திருச்சி)

ப: யாரும் பொய் சொல்லவில்லை தம்பி. மெட்டாக்ரிட்டிக் செய்கிற வேலை இவ்வளவுதான்: பத்திரிகைகளும் தளங்களும் போட்ட மார்க்கையெல்லாம் நூற்றுக்கு மாற்றி, சில இடங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து (யாருக்கு எவ்வளவு என்று வெளியே சொல்ல மாட்டார்கள்) ஒரு சராசரி போடுவது. அந்த விமர்சகர்களில் கன்சோலில் (பிளேஸ்டேஷன் மாதிரியான கேம் பெட்டி) விளையாடியவர்கள் நிறைய, பிசியில் விளையாடியவர்களும் பெரும்பாலும் விலை கூடிய கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள். வேட்டை எப்படி, மிருகங்கள் எப்படி, ஆயுதம் கையில் எப்படி நிற்கிறது என்று பார்த்து மார்க் போட்டார்கள், அதில் தப்பில்லை, கேம் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. ஸ்டீமில் எழுதியவர்கள் சொந்தக் காசில் வாங்கி வீட்டு மெஷினில் போட்டுப் பார்த்தவர்கள். 2025 பிப்ரவரி 28-இல் வெளிவந்த உடனேயே பத்து லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஸ்டீமில் உள்ளே இருந்தார்கள், கூடவே ரிவ்யூவும் 'கலவை' என்று இறங்கிவிட்டது. ஜூன் வாக்கில் புதிதாக வந்தவை அடிமட்டத்துக்கே போயின.

இதில் கேமைச் செய்த கேப்காம் எதையும் மறைக்கவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. பரிந்துரைக்கப்பட்ட பிசி விவரத்தில், 1080பி திரைத் தெளிவில் நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) கிடைக்கும், ஆனால் ஃப்ரேம் ஜெனரேஷனை ஆன் செய்தால்தான் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அதாவது அந்த 60-இல் கிட்டத்தட்ட பாதியை கேம் உண்மையில் வரைவதில்லை, முன்னும் பின்னும் இருக்கும் படங்களைப் பார்த்து கார்டு ஊகித்துச் செருகுகிறது, அது இல்லாவிட்டால் 30 சொச்சம்தான். வெளியீட்டுக்கு முன்பே இலவசமாக ஒரு பெஞ்ச்மார்க் கருவியும் கொடுத்தார்கள். பத்து விமர்சனம் படிப்பதற்குப் பதில் அதை ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால் உங்கள் பிசிக்கு என்ன மார்க் என்று தெரிந்திருக்கும்.

இன்னொன்று, ஸ்டீமில் காட்டும் சதவீதம் மார்க்கே கிடையாது. அங்கே கட்டைவிரலை மேலே காட்டலாம், கீழே காட்டலாம், அவ்வளவுதான். 78% என்றால் நூறு பேரில் 78 பேர் வாங்கலாம் என்கிறார்கள், அந்த 78 பேரும் 'சுமார்தான், ஆனால் பரவாயில்லை' என்று நினைத்திருந்தாலும் அதே 78%தான் வரும். வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் ஸ்டீமில் காசு திரும்பக் கிடைக்கும். முதல் முறை திறந்ததும் ஷேடர் (படம் வரைய உதவும் சின்ன நிரல்கள்) தயார் செய்கிறேன் என்று உட்கார்ந்திருக்குமே, அந்த நேரமும் அந்த 2 மணியில்தான் ஓடும், ஜாக்கிரதை.

கே: 9, 8.5, 10 என்றுதான் எல்லாரும் போடுகிறார்கள். 7-க்குக் கீழே யாருமே வாங்குவதில்லையா? என் வகுப்பில் நான் இப்படித் திருத்தினால் ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்புவார். (ஆசிரியை, ஈரோடு)

ப: உங்களுக்குத் தெரியாததா டீச்சர், ப்ளஸ் டூவில் 75 சதவீதம் வாங்கிய பையனை இன்றைக்கு யாராவது பாராட்டுகிறார்களா? அங்கேயும் அதே கதைதான். ஆனால் காரணம் வெறும் தாராள மனசு மட்டும் கிடையாது. ஸ்டீமில் மட்டும் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் புது கேம்கள் வருகின்றன. பெரிய தளங்கள் அதில் எடுப்பது சில நூறு. வாசகர் தேடிப் படிக்கக்கூடியதை, அதாவது ஏற்கெனவே பணமும் ஆளும் கொட்டிச் செய்ததைத்தான் எடுக்கிறார்கள். ஒன்றும் தேறாதவை தேர்வு அறைக்கே வருவதில்லை.

இதை மெட்டாக்ரிட்டிக்கே ஒப்புக்கொண்ட மாதிரிதான் வைத்திருக்கிறது: சினிமாவுக்கு 61 வந்தாலே பச்சை நிறம், கேமுக்கு 75 வர வேண்டும். இங்கிலாந்தில் 1993-இலிருந்து வரும் 'எட்ஜ்' பத்திரிகையில் 5 என்றால் நிஜமாகவே நடுத்தரம், அதனால் அவர்கள் 6 போட்டால் ரசிகர்கள் கொதிப்பார்கள். ஜப்பானின் 'ஃபாமிட்சு' பத்திரிகையில் நாலு பேர் ஆளுக்குப் பத்து, மொத்தம் 40. முதல் 40-ஐ 1998-இல் 'ஆக்கரினா ஆஃப் டைம்' வாங்கியது, அப்போது அது பெரிய சேதி, பிறகு 40 வாங்கியவை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவிட்டன. 'யூரோகேமர்' தளம் 2015-இல் மார்க்கே வேண்டாம் என்று தூக்கி எறிந்தது, 2023-இல் ஐந்து நட்சத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தது. மார்க் இல்லாவிட்டால் மெட்டாக்ரிட்டிக் கணக்கில் அவர்கள் குரலே சேராது, அதுவும் ஒரு நெருக்கடி.

கே: காசு வாங்கிக்கொண்டுதானே எழுதுகிறார்கள்? நேராகச் சொல்லுங்கள். (கோயம்புத்தூர்)

ப: கவர் கொடுத்து மார்க் வாங்குவது என்பது பெரும்பாலும் கற்பனை. நடப்பது அதைவிட நாசூக்கானது. 2007-இல் கேம்ஸ்பாட் தளத்தில் 'கேன் அண்ட் லிஞ்ச்' கேமின் விளம்பரம் முகப்புப் பக்கம் முழுக்க ஒட்டியிருந்தது. அதே தளத்தில் விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் அதற்கு 6 போட்டார். நவம்பர் கடைசியில் அவருக்கு வேலை போனது. அடுத்து சக ஊழியர்கள் பலரும் கிளம்பினார்கள், அவர் 2008-இல் 'ஜயன்ட் பாம்' என்ற சொந்தத் தளத்தைத் தொடங்கினார். 2012-இல் அந்த ஜயன்ட் பாமையே கேம்ஸ்பாட்டின் முதலாளி நிறுவனம் விலைக்கு வாங்கிய பிறகுதான், விளம்பரதாரர் அழுத்தம் இருந்தது என்று அவரால் வெளிப்படையாகப் பேச முடிந்தது. கேம்ஸ்பாட் மார்க்கை விற்கவில்லை என்பதற்கு அந்த 6 வெளிவந்ததே சாட்சி, போட்ட ஆள் மட்டும் வெளியே போனார்.

இப்போது அதுவும் தேவையில்லை, எந்தப் பதிப்பை அனுப்புவது என்று கம்பெனி முடிவு செய்தால் போதும். 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10-இல் வந்தது. முன்கூட்டியே விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பதிப்பு மட்டும், அதிலும் தாங்கள் பதிவு செய்த காட்சியைக் காட்டக் கூடாது, கம்பெனி கொடுத்த வீடியோவைத்தான் காட்ட வேண்டும் என்று நிபந்தனை. எல்லாரும் பிசியில் விளையாடி நல்ல மார்க் போட்டார்கள், மெட்டாக்ரிட்டிக்கில் 86. பழைய பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4) வைத்திருந்தவன் அதை நம்பி வாங்கினான், தெருவில் நடந்தாலே கேம் திக்கியது, அடிக்கடி அப்படியே நின்றுபோனது. பிஎஸ்4-க்குத் தனியாக விமர்சனங்கள் வந்து சேர்ந்தபோது ஸ்கோர் 57. ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. அதனால்தான் சொல்கிறேன், மார்க்குக்குக் கீழே பொடி எழுத்தில் 'எதில் விளையாடியது' என்று ஒரு வரி இருக்கும், அதை முதலில் படியுங்கள்.

கே: 'சில்க்சாங்' வெளிவந்த அன்று ஒரு விமர்சனம்கூட இல்லை. முன்கூட்டி கொடுக்காவிட்டால் மட்டமான கேம் என்றுதானே அர்த்தம்? (சென்னை)

ப: பொதுவாக அது கெட்ட சகுனம்தான். 2025 ஜூன் 10-இல் வந்த 'மைண்ட்ஸ்ஐ' அப்படித்தான், ஜிடிஏ தயாரிப்பாளர் லெஸ்லி பென்சீஸ் ஆரம்பித்த கம்பெனி, முன்பிரதி யாருக்கும் கொடுக்கவில்லை, வந்த பிறகு முகங்கள் கோணிக்கொள்ளும் வீடியோக்களாகப் பரவி, அந்த வருடத்தின் மிக மோசமான ஸ்கோர்களில் ஒன்றை வாங்கியது. சில்க்சாங் வேறு விஷயம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் செய்த கேம், 2019-இல் அறிவித்துவிட்டு ஆறு வருடம் காக்க வைத்தார்கள், விமர்சகர்கள் மட்டும் முதலில் விளையாடுவது நியாயமில்லை என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் 2025 செப்டம்பர் 4-இல் கொடுத்தார்கள். ஸ்டீம், நின்டெண்டோ கடை எல்லாம் அன்று மூச்சுத் திணறின. விமர்சனம் மெதுவாக வந்தது, நல்லதாகவே வந்தது. சீனாவில் மட்டும் ஸ்டீம் ரிவ்யூ முதல் நாட்களில் விழுந்தது, காரணம் கேம் இல்லை, சீன மொழிபெயர்ப்பு. அதற்குச் சற்று முன்புதான் ஸ்டீம் மொழிவாரியாக ஸ்கோரைப் பிரித்துக் காட்டத் தொடங்கியிருந்தது, அதனால் ஆங்கிலத்தில் விளையாடுகிற நமக்கு அந்தக் கோபம் கணக்கில் கலக்கவில்லை.

கே: 84-க்கும் 85-க்கும் என்ன பெரிய வித்தியாசம் சார்? (நாகர்கோவில்)

ப: உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' செய்த அப்சிடியன் கம்பெனிக்கு அது போனஸ். மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம், 2010-இல் கேம் வந்தது, வந்தது 84. விற்பனையில் பங்கு கிடையாது, மொத்தமாகப் பேசிய தொகை மட்டும்தான். 2012-இல் அந்தக் கம்பெனியின் கிறிஸ் அவலோன் சொல்லித்தான் இது வெளியே தெரிந்தது. இத்தனைக்கும் பக் (கேமில் வரும் கோளாறு) நிறைய இருக்கிறது என்பதுதான் அன்று பலரும் சொன்ன குறை, கதையைக் குறை சொன்னவர்கள் குறைவு. இன்றைக்கு அதே கேமை அந்த வரிசையிலேயே சிறந்தது என்று கொண்டாடுகிறவர்கள் ஏராளம். ஒரே ஒரு தளம் அன்று கொஞ்சம் நல்ல மூடில் இருந்திருந்தால் அந்த ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப்போன பணம் வேறு.

கே: கூட்டமாகச் சேர்ந்து கெட்ட ரிவ்யூ போடுவது அநியாயம் இல்லையா? 'ஹெல்டைவர்ஸ் 2'-க்கு நானும் போட்டேன், இப்போது உறுத்துகிறது. (யாழ்ப்பாணம்)

ப: உறுத்த வேண்டாம். காசு வாங்கி மாதக்கணக்கில் விளையாட விட்டுவிட்டு, 2024 மே மாதம் திடீரென்று பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்றார்கள். உங்கள் ஊரில் அந்தச் சேவையே கிடையாது, பிறகு எப்படிக் கணக்குத் தொடங்குவது? சில நாட்களில் இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர் ரிவ்யூ குவிந்து சோனி பின்வாங்கியது. அது வாடிக்கையாளர் புகார், புகார் எழுத வேறு இடம் தராததால் ரிவ்யூவில் எழுதினீர்கள். 2020-இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வந்த சில மணி நேரத்திலேயே, முடிக்கவே இருபது மணிக்கு மேல் ஆகும் கேமுக்கு ஆயிரக்கணக்கில் பூஜ்யம் போட்டார்களே, அது வேறு ரகம். அதற்குப் பிறகுதான் மெட்டாக்ரிட்டிக் வாசகர் ரிவ்யூவுக்கு 36 மணி நேரக் காத்திருப்பு வைத்தது. ஸ்டீமில் எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். 0.3 மணி நேரம் விளையாடிவிட்டு நாலு பத்தி எழுதியவரைத் தாண்டிப் போங்கள்.

கே: நம்ம 'வெண்பா'வுக்கு ஏன் 80-ஐ ஒட்டித்தான் கிடைத்தது? தமிழ் என்பதாலா? (மதுரை)

ப: இல்லை. பெரும்பாலானோர் சொன்ன குறை, சின்னதாக இருக்கிறது என்பது. 15 டாலர், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். டொரொன்டோவில் விசை கேம்ஸ் செய்தது, 2023 ஜூலையில் வந்தது. 1988-இல் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கறைபட்ட சமையல் குறிப்பேடு, அதில் அழிந்துபோன வரிகளை யோசித்துச் சமைக்க வேண்டும். முதல் பதார்த்தம் இட்லி: தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அப்படியே வைத்தால் சரிவராது, ஆவி மேலே ஏற வழி இருக்கும்படி மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். அமெரிக்க விமர்சகருக்கு இது ஒரு புதிர். நம் வீட்டில் வளர்ந்தவருக்குக் கை தானாகப் போகும், புதிரே இல்லை. அதே கேமுக்கு இரண்டு மார்க் வருவது நியாயம்தானே? இத்தனைக்கும் 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா தரும் சிறந்த அறிமுக கேம் விருதும், ஐஜிஎஃப் என்ற சுயாதீன கேம் விழாவின் முதல் பரிசும் அதற்குத்தான். நீளத்துக்குக் காசு என்று கணக்குப் பார்க்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. நூறு மணி நேரம் ஓடும் கேமில் அறுபது மணி நேரம் குதிரையில் போய்க்கொண்டிருப்பதற்கும் சேர்த்துத்தான் மார்க் போடுகிறார்கள்.

கே: ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு கேம் கேட்கிறான் பையன், 'பத்துக்குப் பத்து அம்மா' என்கிறான். எதைப் பார்த்து முடிவு செய்வது? (இல்லத்தரசி, சேலம்)

ப: முதலில் பெட்டியில் வயதுக் குறியீட்டைப் பாருங்கள், 18 என்று போட்டிருந்தால் பத்துக்குப் பத்தோடு பேச்சு முடிந்தது. அப்புறம் 6 அல்லது 7 கொடுத்த ஒரு விமர்சனத்தைத் தேடி அவனையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் சொன்ன குறையைக் கேட்டும் 'அது எனக்குப் பரவாயில்லை' என்றால் வாங்கிக் கொடுக்கலாம். மூன்று, நாலு மாதம் பொறுத்தால் விலையும் பெரும்பாலும் இறங்கும், பக்கும் சரியாகியிருக்கும், ஆனால் இதை அவனிடம் சொல்லும்போது நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கே: 2016-இல் ஊரே திட்டிய 'நோ மேன்ஸ் ஸ்கை' இப்போது வாங்கலாமா? (தூத்துக்குடி)

ப: தாராளமாக. அன்று ஸ்டீமில் அடிமட்டம், இலவச அப்டேட்டாகக் கொடுத்துக் கொடுத்து 2024-இல் 'மிகவும் நல்லது' வரை ஏறிவிட்டார்கள். மெட்டாக்ரிட்டிக்கில் மட்டும் பழைய மார்க் அப்படியே நிற்கும், ஒரு தளம் முதலில் போட்ட மார்க்கைப் பின்னால் திருத்தினாலும் அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் இந்தக் கேமுக்கு ஸ்டீமில் 'சமீபத்திய ரிவ்யூ' என்பதை மட்டும் பாருங்கள், தள்ளுபடி விற்பனை வந்தால் பாதி விலைக்குக் கிடைக்கும்.