உலக்கை நிற்குமா, ஹைப்பர்லூப் ஓடுமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கிரகணத்தன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை வைத்தால் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது. 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தன்று எங்கள் தெருவில் நாலு வீட்டில் நின்றது. அறிவியல் புனைகதைப் பிரியரான நீங்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்? (கரூர் வாசகி)

நிற்கும். நிற்காவிட்டால்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் அது அடுத்த செவ்வாய்க்கிழமையும் நிற்கும், யாரும் அன்றைக்கு உலக்கையை எடுத்து வைத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

கணக்கு எளிது. 4 அடி உலக்கை, அதாவது 48 அங்குலம். அடிப்பக்கம் 2 அங்குல விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பாரத்தின் மையம் பாதி உயரத்தில், 24 அங்குலத்தில் இருக்கும். அந்த மையத்துக்கு நேர் கீழே உள்ள புள்ளி அடிவட்டத்துக்குள் இருக்கும்வரை உலக்கை விழாது. அப்படியானால் ஏறக்குறைய 2.4 டிகிரி வரை சாயலாம். உச்சியில் அளந்தால் 2 அங்குலம். பொறுமையுள்ள கைக்கு இது தாராளமான இடம்.

செய்து பாருங்கள். பூண் போட்ட முனையைக் கீழே வையுங்கள், அதுதான் தட்டையாக இருக்கும். மறுமுனை இடித்து இடித்து உருண்டிருக்கும், நிற்காது. தாம்பாளத்தின் நடுப்பகுதி மேடாகவோ குழிவாகவோ இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு வெறும் தரையிலேயே வையுங்கள். ஒரு மணல் துணுக்கு பூணுக்கு அடியில் மாட்டினாலும் கதை முடிந்தது, முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். இரண்டு கையாலும் இடுப்பு உயரத்தில் பிடித்து, எந்தப் பக்கமும் இழுக்காத நிலை வந்ததும் ஒரே நேரத்தில் இரண்டு கையையும் எடுங்கள். ஒரு கையை முன்னும் மற்றதைப் பின்னும் எடுப்பதால்தான் பாதிப் பேருக்கு விழுகிறது. மின்விசிறியை நிறுத்துங்கள். மஞ்சள் தண்ணீருக்கு இதில் வேலை இல்லை.

சூரியனும் நிலாவும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால் நிற்கிறது என்பார்கள். கடலில் ஓத ஏற்றத்தை உண்டாக்கும் அந்த இழுப்பு இரண்டையும் சேர்த்தாலும் பூமியின் ஈர்ப்பில் 60 லட்சத்தில் ஒரு பங்குதான். 3 கிலோ உலக்கைக்கு அரை மில்லிகிராம். ஒரு கடுகு எடைகூட இல்லை. அதுவும் ஒவ்வொரு அமாவாசைக்கும் ஏறக்குறைய அதே அளவுதான், எந்த அமாவாசைக்கும் நாம் உலக்கையைத் தேடுவதில்லை. அடுத்து தென் தமிழகத்துக்கு வளையக் கிரகணம் வருவது 2031 மே 21. அதற்கு முந்தின நாளும் மறுநாளும் சேர்த்து வைத்துப் பார்த்துக் குறித்துவையுங்கள்.

கேள்வி: படங்களில் விண்வெளியில் ஹெல்மெட் கழன்றால் தலை வெடிக்கிறது அல்லது ஆள் பனிக்கட்டியாகிறார். எது சரி? (ஊட்டி வாசகர்)

இரண்டும் தவறு. 1966-ல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் உடைச் சோதனையின்போது காற்றுக்குழாய் கழன்றது. உள்ளே இருந்தவருக்கு சுமார் 14 விநாடிகளில் நினைவு தப்பியது. கடைசியாக உணர்ந்தது நாக்கில் எச்சில் கொதித்ததைத்தான் என்று பிறகு சொன்னார். உடனே அறைக்குள் காற்றை நிரப்பினார்கள், பிழைத்துவிட்டார். தோல் நல்ல பை, அவ்வளவு எளிதில் கிழியாது. உறைவதும் நடக்காது, வெற்றிடத்தில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் காற்று இல்லை. உங்கள் வீட்டு பிளாஸ்க் காபியைச் சூடாக வைத்திருப்பதே இந்தத் தத்துவத்தில்தான். செய்யக் கூடாதது ஒன்று உண்டு: மூச்சை அடக்குவது. உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். படத்து நாயகர்கள் தவறாமல் அதைத்தான் செய்கிறார்கள்.

எச்சில் கொதித்ததற்கும் உங்கள் ஊர்ச் சமையலுக்கும் ஒரே காரணம்தான். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் அங்கே 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். சரி, குக்கர் இருக்கிறதே என்பீர்கள். குக்கரின் வெயிட் தாங்கிப் பிடிப்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். வெளிக்காற்று மெலிந்தால் உள்ளேயும் மொத்த அழுத்தம் குறையும். சென்னையில் 120 டிகிரியை எட்டும் குக்கர் ஊட்டியில் 116-ல் நிற்கும். அந்த 4 டிகிரிதான் கொண்டைக்கடலை நறுக்கென்று நிற்பதற்குக் காரணம். விசிலை எண்ணாதீர்கள், அடுப்பின் வேகத்தைப் பொறுத்து அது மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, சமவெளியில் வைக்கும் நேரத்தோடு கால் பங்கு கூட்டுங்கள். 20 நிமிடக் கடலைக்கு 25.

கேள்வி: காலப்பயணம் சாத்தியமா? (திருப்பூர் வாசகர்)

2009 ஜூன் 28 அன்று ஸ்டீபன் ஹாக்கிங் காலப்பயணிகளுக்கு ஒரு விருந்து வைத்தார். அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகுதான் வெளியிட்டார். ஒருவரும் வரவில்லை.

கேள்வி: அமெரிக்கர்கள் 1969-லேயே நாலு நாளில் நிலவில் இறங்கினார்கள். சந்திரயான்-3 ஏன் 40 நாள் எடுத்தது? (விழுப்புரம் வாசகர்)

பேருந்துக் காசில் விமானம் ஏற முடியாது என்பதால். அவர்களின் அப்போலோ கலத்தைத் தூக்கிய சாட்டர்ன்-5 ராக்கெட் ஏறக்குறைய 2,900 டன். நம் எல்.வி.எம்-3 ராக்கெட் 640 டன். இது 3,900 கிலோ கலத்தை நேராக நிலவுக்கு எறியாது, 36,500 கி.மீ. வரை எட்டும் நீள்வட்டத்தில் விட்டுவிட்டு ஒதுங்கிவிடும். மீதியைக் கலமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பூமிக்கு மிக அருகே, மிக வேகமாகப் போகும் இடத்தில் மட்டும் எஞ்சினைச் சிறிது நேரம் எரித்தார்கள். ஊஞ்சலை அது வேகமாகக் கடக்கும் கணத்தில் தள்ளுகிற மாதிரி. அதே எரிபொருளை வேறு இடத்தில் எரித்தால் பலன் குறைவு. ஜூலை 14-ல் கிளம்பி, ஐந்து தள்ளல்களுக்குப் பிறகு ஆகஸ்ட் 1-ல் நிலவை நோக்கித் திரும்பி, 5-ல் அதன் பிடிக்குள் போனது.

அதற்குப் பிறகும் காத்திருந்ததற்குக் காரணம் வேறு. தரையிறங்கும் கலமான விக்ரம் இயங்கியது சூரிய ஒளியில். இறங்கும் இடத்தில் விடிய வேண்டும், விடிந்தால் 14 பூமி நாள் வெளிச்சம். மாலையில் போய் இறங்கினால் என்ன பயன்? அதனால்தான் ஆகஸ்ட் 23. ஆகஸ்ட் 11-ல் கிளம்பி முந்திக்கொள்ளப் பார்த்த ரஷ்யாவின் லூனா-25, 19-ம் தேதி நிலவில் மோதி நொறுங்கியது. பந்தயம் என்று எழுதிய தலைப்புகள்தான் இதில் சலிப்பூட்டின. விக்ரமின் நாள்காட்டியை நிர்ணயித்தது நிலவின் சூரிய உதயம், மாஸ்கோ அல்ல.

இன்னொரு செய்தி: தரையிறங்கும் சோதனைகளுக்கு நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது இஸ்ரோ தேடிப்போன ஊர்களில் ஒன்று நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. நிலவின் மேட்டுநிலங்களில் உள்ள அனார்த்தோசைட் பாறை அங்கே கிடக்கிறது. அதை அரைத்துச் சலித்துப் பயன்படுத்தினார்கள்.

கேள்வி: ‘ஒளியாண்டுகளாய்க் காத்திருந்தேன்’ என்று ஒரு கவியரங்கில் கேட்டேன். சரியா? (தஞ்சாவூர் வாசகி)

எத்தனை கிலோமீட்டர் காத்திருந்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள். ஓர் ஒளியாண்டு என்பது 9.46 லட்சம் கோடி கி.மீ. தூரம்.

கேள்வி: சென்னையிலிருந்து பெங்களூருக்கு அரை மணியில் ஹைப்பர்லூப் என்று அடிக்கடி செய்தி வருகிறதே, எப்போது ஏறலாம்? (வேலூர் வாசகர்)

ஹைப்பர்லூப் என்பது காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் பயணிகள் பெட்டியை அதிவேகத்தில் ஓட்டும் திட்டம். டிக்கெட்டுக்கு இப்போதே வரிசையில் நிற்க வேண்டாம். உலக அளவில் முதன்முதலாக மனிதர்கள் ஏறிப் பார்த்தது 2020 நவம்பரில், அமெரிக்காவின் நெவாடாவில். இரண்டு பேர், 500 மீட்டர் குழாய், உச்ச வேகம் மணிக்கு 172 கி.மீ. அதை நடத்திய நிறுவனம் 2023 இறுதியில் கடையை மூடிவிட்டது. ஜப்பானின் காந்த ரயில் குழாயே இல்லாமல் 2015-ல் 603 கி.மீ. தொட்டிருக்கிறது.

எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். குழாய்க்குள் காற்றை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அப்போது வெளிக்காற்று ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 10 டன் பாரத்தோடு அழுத்தும். அடுத்தது வெயில். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். அற்பம் என்று தோன்றும். 350 கி.மீ. குழாய்க்கு, காலைக்கும் பிற்பகலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் 84 மீட்டர். ரயில் தண்டவாளத்திலும் இதே பிரச்சினை உண்டு. அங்கே நீளமாகப் பற்றவைத்து, ஸ்லீப்பரோடும் ஜல்லியோடும் இறுக்கி, நீள விடாமல் அடக்கிவைக்கிறார்கள். தூண்மேல் நிற்கும் குழாயை அப்படி அடக்கினால் அந்த விசையைத் தூண்கள் வாங்க வேண்டும். இடையிடையே நெகிழும் இணைப்பு வைத்தால் ஒவ்வோர் இணைப்பும் காற்று கசியக்கூடிய இடம்.

சென்னை ஐ.ஐ.டி. தையூரில் 422 மீட்டர் சோதனைக் குழாய் அமைத்திருக்கிறது. மாணவர்கள் இந்தச் சிக்கல்களைக் கையால் தொட்டுக் கற்பதற்கு அருமையான இடம், அதில் எனக்கு மகிழ்ச்சியே. 422 மீட்டருக்கும் 350 கிலோமீட்டருக்கும் நடுவில் உள்ள தூரத்தைச் செய்தித் தலைப்புகள் தாண்டிவிடுகின்றன, எஃகு தாண்டாது.

கேள்வி: ஆர்தர் சி. கிளார்க் இலங்கையை வைத்து விண்ணுக்கு ஒரு மின்தூக்கி (லிஃப்ட்) கட்டியதாகக் கதை எழுதினாராமே? (திருகோணமலை வாசகர்)

ஆமாம், 1979-ல் வந்த ‘ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’. உங்கள் ஊருக்கு அவர் புதியவர் அல்லர். 1956-ல் இலங்கையில் குடியேறிய ஆண்டிலேயே திருகோணமலைக் கடலடியில் பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தவர். நாவலில் சிகிரியாவும் சிவனொளிபாத மலையும் வேறு பெயரில் வருகின்றன. விண்தூக்கி நிலநடுக்கோட்டில் நின்றாக வேண்டும், இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. என்ன செய்தார்? தீவையே தெற்கே நகர்த்திவிட்டார். அறிவியலில் ஒரு பொய் சொன்னால் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நேர்த்தியான உதாரணம் எனக்குத் தெரியாது.

தத்துவம் இதுதான்: 35,786 கி.மீ. உயரத்தில் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் நின்ற இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அங்கிருந்து கீழே ஒரு கயிற்றை இறக்கி, சமநிலைக்கு மேல்நோக்கியும் ஒன்றை நீட்டினால் அதைப் பிடித்து ஏறலாம். சிக்கல் கயிற்றில். எந்தக் கயிற்றையும் நீளமாகத் தொங்கவிட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தன் பாரத்தாலேயே அறுந்துவிடும். நல்ல பியானோ கம்பிக்கு அந்த நீளம் 30 கி.மீ. சொச்சம், குண்டு துளைக்காத உடையில் பயன்படும் கெவ்லார் இழைக்கு 250. ஒரே தடிமனில் விண்தூக்கி கட்டச் சுமார் 5,000 வேண்டும். நடுவில் தடிமனாகவும் முனைகளில் மெலிதாகவும் இழுத்தால் தேவை குறையும், ஆனால் எஃகில் செய்தால் நடுப்பகுதி நினைக்கவே முடியாத பருமனாகிவிடும். கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாயான கார்பன் நானோ குழாய் காகிதக் கணக்கில் தாங்குகிறது. ஆனால் குறையில்லாமல் வளர்த்த இழைகளின் நீளத்தை இன்னும் சென்டிமீட்டரில்தான் சொல்கிறோம்.

கேள்வி: வெளியூரில் படிக்கும் மகன் குரலிலேயே ஒரு ஃபோன். விபத்து, உடனே 40 ஆயிரம் அனுப்பு என்று அழுகை. அனுப்பிய பிறகுதான் மோசடி என்று தெரிந்தது. குரலை எப்படித் திருடுகிறார்கள்? (சேலம் வாசகி)

சமூக ஊடகத்தில் கிடக்கும் சில விநாடிப் பேச்சே இன்றைய மென்பொருளுக்குப் போதும். அழுகையும் இரைச்சலும் சேர்ப்பது குறைகளை மறைக்க. அதனால் குரலைக் கூர்ந்து கேட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள்.

அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் ஃபோனில் ஏற்கெனவே பதிந்திருக்கும் மகனின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். எடுக்கவில்லையா, அறைத்தோழருக்கோ விடுதிக்கோ போடுங்கள். வீட்டுக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். செல்லப்பெயர் வேண்டாம், அது பிறந்தநாள் பதிவுகளில் இருக்கும். ‘முருங்கைக்கீரை’ மாதிரி சம்பந்தமில்லாத ஒன்று. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி, விடியட்டும் என்று காத்திருந்தால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பதும் அந்த நேரத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: வேற்றுக்கிரகவாசிகளுக்கு நாம் கடிதம் போட்டோமாமே, பதில் வந்ததா? (மதுரை, ஏழாம் வகுப்பு மாணவி)

1974 நவம்பர் 16-ல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து அனுப்பினார்கள். மொத்தம் 1,679 பூஜ்ஜியங்களும் ஒன்றுகளும். அது ஏன் 1,679? 23-ஐ 73-ஆல் பெருக்கிப் பார். இரண்டும் பகா எண்கள், எனவே 23 கட்டம் அகலம், 73 கட்டம் உயரம் என்று அடுக்கினால்தான் படம் வரும். கணக்கு தெரிந்தவருக்குத்தான் கடிதம் திறக்கும். விலாசம் எம்-13 என்ற விண்மீன் கூட்டம், தூரம் சுமார் 25,000 ஒளியாண்டு. பதில் வர இன்னும் ஏறக்குறைய 50,000 ஆண்டு. அனுப்பிய தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது.

கேள்வி: சர்வதேச விண்வெளி நிலையத்தை மொட்டை மாடியிலிருந்து பார்க்க முடியுமா? (நாகர்கோவில் வாசகர்)

தொலைநோக்கியே வேண்டாம். நாசாவின் ‘ஸ்பாட் த ஸ்டேஷன்’ செயலியில் உங்கள் ஊரைக் கொடுங்கள். வரும் பட்டியலில் உச்ச உயரம் 40 டிகிரிக்கு மேல் உள்ளதை மட்டும் குறியுங்கள், அதற்குக் கீழே போனால் தென்னைமரமும் பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டியும் மறைக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் 10 டிகிரி, நாலு முஷ்டி அடுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் எப்போதும் சூரியன் மறைந்து ஒன்றரை மணிக்குள் அல்லது விடியலுக்கு முன் அதே அளவு. நமக்கு இருட்டி, 400 கி.மீ. உயரத்தில் இன்னும் வெயில் அடிக்க வேண்டும் என்பதால்.

ஐந்து நிமிடம் முன்னதாகவே மாடிக்குப் போய்க் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். வெள்ளியைப்போல் பிரகாசமான ஒரு புள்ளி, ஓசையில்லாமல், சீராக நகரும். மினுக்கினால், சிவப்பு-பச்சை தெரிந்தால் அது விமானம். பல சமயம் வானத்தின் நடுவிலேயே சட்டென்று மங்கி மறைந்துவிடும். மேகம் என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள், அது பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. படம் எடுக்க வேண்டுமானால் ஃபோனைச் சுவரில் சாய்த்து, கேமராவின் ப்ரோ முறையில் 10 விநாடி வெளிச்சம் கொடுத்து, டைமர் வையுங்கள். விரலால் அழுத்தினால் கோடு நடுங்கும்.