கோடையில் மட்டும் கிறீச்சிடும் மரப்படி

கோடையில் மட்டும் நாலாவது படி சத்தம் போடுகிறது என்றீர்கள். வெயிலில் மரம் சுருங்கி, மிதிபலகைக்கும் அதைத் தாங்கும் நிமிர்ந்த பலகைக்கும் நடுவே இடுக்கு விழுந்திருக்கும். தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள். சத்தம் சில நாள் அடங்கும். எண்ணெய் குடித்த மரத்தில் அப்புறம் ஃபெவிகால் பிடிக்காது.

அடியில் ஆள் நுழையலாம் என்பதால் வேலை சுலபம்தான். ஒருவரை மேலே மிதிக்கச் சொல்லி, பலகை அசையும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். மெல்லிய மரச்சீவலில் பசை தடவிக் கையால் செருகுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் பலகை தூக்கிக்கொண்டு பக்கத்தில் புது இடுக்கு விழும். பிறகு இரு பலகையும் சேரும் மூலையில் ¾ அங்குலச் சதுரக் கட்டையைப் பசையோடு வைத்து, இரண்டு பக்கமும் 1¼ அங்குல ஸ்க்ரூ, ஒன்றோடொன்று முட்டாமல் தள்ளித் தள்ளி. பலகை 1 அங்குலம் என்கிறீர்கள். ஸ்க்ரூ நீண்டால் முனை மேலே வந்து காலைக் கிழிக்கும். முதலில் டிரில்லால் துளை போடாவிட்டால் பழைய தேக்கு பிளந்துவிடும். 24 மணி நேரம் அந்தப் படியில் யாரும் கால் வைக்க வேண்டாம்.